உள்பக்கத் தையல்

விடியற்காலை நாலே முக்காலுக்கு ஒன்பது கிலோ கவசத்தை மாட்டிக்கொண்டு, வண்டியின் இரும்புப் பெஞ்சில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவது மத்திய அரசு வேலை என்று சொன்னால் வெளியில் யாரும் நம்பமாட்டார்கள். மத்திய அரசு வேலை என்றால் மின்விசிறி, மேசை, பதினொரு மணிக்குத் தேநீர். கடத்தல் தடுப்புப் படையில் அதெல்லாம் மாடியில் இருப்பவர்களுக்கு. கீழே இருப்பவர்களுக்கு வண்டியும் கவசமும்தான்.

அந்தக் கவசத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆண் உடம்பை அளந்து செய்தது அது. பெண் போட்டால் முன்தகடு மார்பின் மேல் ஏறி நின்றுகொள்ளும். உட்கார்ந்தால் மேல்விளிம்பு தொண்டையை இடிக்கும். துப்பாக்கியை நீட்டக் கையைத் தூக்கினால், அக்குளுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குத் திறந்துகொள்ளும். அந்த நாலு விரலுக்குப் பின்னால்தான் நுரையீரல் இருக்கிறது. அளவெடுத்த புண்ணியவான் அதை யோசிக்கவில்லை.

ஊசிக்கு இது பத்தொன்பது வருடமாகத் தெரியும். ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. படையில் சேர்ந்த முதல் பெண் அவள். இரண்டாம் மாதமே கவசத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், உள்பக்கத்தைப் பிரித்து, இரண்டு பக்கமும் அகலமான எலாஸ்டிக் வைத்து இழுத்துத் தைத்தாள். தகட்டைப் புருஷன் பிடித்துக்கொண்டான். நாலு விரல் இரண்டு விரலானது.

"ஜாக்கெட் தைக்க நல்ல ஆளாத்தான் எடுத்திருக்காங்க" என்று கூட இருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

சிரிக்காதவன் ஒருவன். பயிற்சியில் எட்டடிச் சுவரில் ஏற முடியாமல் தொங்கியவனை, தோள் கொடுத்து ஏற்றிவிட்டவள் அவள். அன்றிலிருந்து இருவரும் பங்காளிகள். வீட்டு ஊசி இரண்டு உடைந்ததும், செருப்புத் தைப்பவரிடம் குத்தூசியும் மெழுகு நூலும் வாங்கிவந்து கொடுத்தது அவன்தான். ஊசி என்று பெயர் வைத்ததும் அவன்தான். அளவு சரியில்லை என்று அவள் மனு எழுதியபோது, அதை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

"எழுதிக் குடுத்தே, பொம்பளைங்களுக்கு இந்த வேலை சரிப்படாதுன்னு முடிவு கட்டிடுவாங்க. நீ பாட்டுக்குத் தைச்சுக்க. கேட்டா நான் பாத்துக்கறேன்."

அவள் நம்பினாள். அடுத்தடுத்து வந்த பதின்மூன்று பெண்களுக்கும் தானே தைத்துக் கொடுத்தாள். அவன் சொன்னதையே அவர்களிடமும் சொன்னாள். மாடியில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். கண்டும் காணாமல் இருந்தார்கள். அந்த மாடியில் இப்போது துணை இயக்குநர் நாற்காலி பங்காளியுடையது.

ஒரு நாள் விடியற்காலை அதிரடிச் சோதனை, ஒரு பழைய மாவுக் கிடங்கில். முதல் வண்டியை ஓட்டியவள் ஸ்டியரிங். நாள் முழுக்க வாய் ஓயாத பெண். பத்து வயதில் ஒரு மகள்.

"அக்கா, எட்டு மணிக்குள்ள முடிச்சிடலாமா? பாப்பா பள்ளிக்கூடத்துல இன்னிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் போகலேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா."

"முதல்ல கதவைத் திறப்போம்டி. பாப்பாவை அப்புறம் சமாதானப்படுத்தலாம்."

கதவைத் திறந்தார்கள். மாவு வாடை மூக்கை அடைத்தது. மூட்டைகளின் மேலிருந்து ஒருவன் சுட்டான். ஸ்டியரிங் துப்பாக்கியோடு கையைத் தூக்கித் திருப்பிக் குறிவைத்த அந்த நொடியில், இரண்டாவது குண்டு அவள் இடது அக்குளுக்குக் கீழே நுழைந்தது. அவள் கத்தக்கூட இல்லை. யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டு, மாவு கொட்டிக் கிடந்த தரையில் உட்கார்ந்தாள். ஊசி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வண்டிவரை இழுத்து வந்தாள்.

"பிழைச்சிடுவாங்க. ஆனா ஒரு நுரையீரல் பாதிதான் வேலை செய்யும்" என்றார் அறுவை செய்த மருத்துவர். "இன்னும் ரெண்டு விரல் முன்னால பட்டிருந்தா இதயம். உள்ள தைச்ச பட்டை தகட்டை இழுத்துப் பிடிச்சு அந்த இடத்தை மூடியிருந்தது."

மருத்துவமனை நடையில் பங்காளி ஓடி வந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அது பொய்யில்லை என்று ஊசி இன்றைக்கும் சத்தியம் செய்வாள். ரத்தம் காய்ந்து விறைத்த கவசத்தை அவள் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"குடு, நான் பாத்துக்கறேன்" என்றான்.

கொடுத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் மதியம் அவனே கூப்பிட்டு அனுப்பினான்.

"உக்காரு ஊசி. டீ சொல்லவா?"

"வேணாம் சார்."

"கதவு சாத்தியிருக்கு. பங்காளின்னே கூப்பிடலாம்."

மேசையில் விசாரணை அறிக்கை இருந்தது. நாலு பக்கம். அவள் நின்றபடியே படித்தாள். காயமடைந்தவர் அரசு உடைமையான கவசத்தை அனுமதியின்றிப் பிரித்துத் தைத்திருந்தார். அதனால் அதன் பாதுகாப்புக் குலைந்தது. இந்தக் கவசத்தைப் பற்றிப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு புகாரும் பதிவாகவில்லை. ஆகவே சிகிச்சைக்கோ ஓய்வூதியத்துக்கோ துறை பொறுப்பேற்காது. பணிநீக்க நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. முதல் எழுத்தை நீட்டி வளைக்கும் அவன் பழக்கம் மாறவேயில்லை.

"தையல் இல்லேன்னா அவ இந்நேரம் பிணம். டாக்டர் உங்ககிட்டயும்தான் சொன்னார்."

"தெரியும். என் நிலைமையையும் பாரு. அளவு தப்புன்னு எழுதினா, இதையே ஏன் திரும்பத் திரும்ப வாங்கினேன்னு என் கழுத்தைப் பிடிப்பாங்க. மூணு தடவை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்."

"அதனால அவ கழுத்தைப் பிடிச்சிட்டீங்க."

அவன் அதைக் கேட்காதவன்போலக் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரிசையில எல்லார் கவசத்தையும் சோதிக்கப் போறாங்க. தையல் இருந்தா வேலை போகும். ஒரு நாள் முன்னாடியே சொல்றேன் பாரு, அதுதான் பங்காளி. பிரிச்சிடு. மத்தவங்களையும் பிரிக்கச் சொல்லு. பிரிவுத் தலைவர் பதவிக்கு உன் பேரைத்தான் அனுப்பியிருக்கேன். இதுவரைக்கும் ஒரு பெண் அந்த நாற்காலில உக்காந்தது கிடையாது."

"நாங்க எல்லாரும் பிரிச்சிட்டா, தைச்ச கவசம் ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும். அது அவளோடது."

அவன் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினான்.

"குத்தூசி வாங்கிக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா பங்காளி?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். "எந்தக் குத்தூசி?"

ஊசி படிக்கட்டில் இறங்கினாள். எதிரிகள் செய்ததெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது, அதெல்லாம் ஆறியும் போயிற்று. இது வேறு. பத்தொன்பது வருடம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவன். "எந்தக் குத்தூசி" என்று கேட்கும்போது அவன் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. கவசத்தை அவன் கையில் கொடுத்தது தான்தானே என்று நினைத்தபோது தன்மேலேயே காறித் துப்பலாம்போல வந்தது.

பெண்கள் உடைமாற்றும் அறை ஒரு காலத்தில் பழைய கோப்புகள் போடும் அறையாக இருந்தது. இன்னும் காகிதப் பூச்சி வாடை போகவில்லை. செய்தி அவளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டது. பன்னிரண்டு பெண்களும் கவசங்களைக் கவிழ்த்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் கையில் சவரப் பிளேடு. இரண்டு கவசங்கள் பிரிந்தேவிட்டன.

"பிரிக்காதீங்க" என்றாள் ஊசி.

"பிரிக்காம?" என்றாள் கண்காணிப்பாளர்களில் மூத்தவள். புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். "உனக்கென்ன, வீட்டுல ஒரு சம்பளம் வருது. எனக்கு இந்த வேலை போனா நாளைக்கே நடுத்தெரு."

"சரிதான் அக்கா. அதை நான் இல்லேன்னு சொல்லல."

"பின்ன எதுக்கு வீராப்பு? நீதானே எழுதாதே, தைச்சுக்கோன்னு சொன்னே?"

ஊசி தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் சொன்னேன். அந்தத் தப்பு என்னோடது. பத்தொன்பது வருஷத்துல ஒரு புகாரும் இல்லைன்னு அறிக்கையில எழுதியிருக்கான். பொய் இல்ல, நிஜம். ஒருத்தரும் எழுதல. அவங்க பண்ணின தப்பை நம்ம கையாலயே தைச்சுத் தைச்சு மூடிட்டோம். இப்ப அதையும் பிரிச்சிட்டா, மூடினதுக்குக்கூடச் சாட்சி இருக்காது."

"எல்லாரும் சேர்ந்து மனு குடுக்கலாமா?" என்றாள் வயர்லெஸ் பார்க்கும் தந்திக்காரி.

"கூட்டு மனு குடுத்தா கலகம்னு சட்டமே இருக்கு."

"கூட்டம் போட்டாலும் கலகம்."

"ஆனா நாளைக்குக் காலைல நம்மை வரிசையா நிக்கச் சொன்னது அவங்கதானே?" என்றாள் ஊசி. "கவசத்தைக் காட்டச் சொன்னதும் அவங்கதான். காட்டுவோம். நமக்குக் கவசம் எடுத்துக் குடுக்கற கிடங்குக்காரர் பதிவேட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு எழுத்துகூட இதுவரைக்கும் விழுந்ததில்ல. கேட்டாச் சொல்லுவோம்."

மூத்தவள் தன் கவசத்தின் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்டியரிங்கோட பாப்பா தினமும் எனக்கு போன் பண்ணுது" என்றாள் கடைசியில். "அம்மா எப்ப வண்டி ஓட்டுவாங்கன்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?" பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். மற்ற இரண்டு பிளேடுகளும் பின்னாலேயே விழுந்தன.

மறுநாள் காலை மைதானத்தில் பனி இறங்கியிருந்தது. ஐம்பத்தெட்டு பேர் வரிசையில் நின்றார்கள். துணை இயக்குநர் படியில் நின்றார். பெண்கள் வரிசையில் நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அது ஸ்டியரிங் நிற்கும் இடம்.

கிடங்குக்காரர் கவச எண்கள் எழுதிய பதிவேட்டைத் திறந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மூக்கால் படிப்பவர்.

"பதினேழு."

ஊசி முன்னால் வந்தாள். கவசத்தைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தரையில் விரித்தாள். மெழுகு நூல் பழுப்பேறிக் கிடந்தது.

"மாற்றம் இருக்கு" என்றார் அவர். பிறகு வழக்கமில்லாத வழக்கமாக நிமிர்ந்து பார்த்தார். "காரணம்?"

"அளவு சேரல."

பேனா கட்டத்தில் இறங்கியது. அவர் எழுதும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டதுபோல அவளுக்கு இருந்தது.

"பதினெட்டு."

மூத்தவள் வந்தாள். "அளவு சேரல. உக்காந்தா தொண்டையை இடிக்குது. அதையும் எழுதிக்குங்க."

அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள். தையலைப் பிரித்துவிட்ட இரண்டு பேரும் வந்தார்கள். நூல் போய்விட்டது, குத்தூசி நுழைந்த ஓட்டைகள் போகவில்லை. அவற்றில் விரல் வைத்துக் காட்டினார்கள்.

"போதும்" என்றார் துணை இயக்குநர். "சோதனை முடிஞ்சுது. மீதியை அப்புறம் பாக்கலாம்."

"என்னுது பாக்கி சார்."

ஆண்கள் வரிசையிலிருந்து குரல் வந்தது. அரைப்படி என்று எல்லோரும் கேலி செய்யும் குள்ளமான காவலர். முகம் சிவந்து போயிற்று. கவசத்தைக் கழற்றித் திருப்பினார். தோள்பட்டையில் அதே மெழுகு நூல். "ஊசியக்கா தைச்சுக் குடுத்தது. வெளியே சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல. காரணம், அளவு சேரல." இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இன்னொருவர் தன் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.

ஊசி காலியான இடத்துக்குப் போய் நின்றாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள். "அளவு சேரல. எழுதிக்குங்க ஐயா."

"அந்த ஆள் இங்க இல்லை" என்றார் துணை இயக்குநர்.

"ஆள் மருத்துவமனையில இருக்கா சார். கவசம் உங்க அலமாரில இருக்கு. நான்தான் உங்க கையில குடுத்தேன்."

அவர் அவளைப் பார்த்தார். எட்டடிச் சுவரில் தொங்கியவனின் முகம் ஒரு நொடி அங்கே வந்து போனது. வந்ததை அவளும் பார்த்தாள். இனி அதற்காக இரங்கப் போவதில்லை.

வேலை போகலாம். பிரிவுத் தலைவர் நாற்காலி போனது போனதுதான். அந்த அறிக்கை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. ஆனால் காலியான இடத்துக்கு மூத்தவள் வந்து அவள் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். தந்திக்காரி மறுபக்கம் வந்து நின்றாள்.

கிடங்குக்காரர் படிப்பக்கம் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முப்பத்தொன்று என்று எழுதி, காரணத்தையும் எழுதினார். பிறகு படியேறிப் போய்ப் பதிவேட்டைத் துணை இயக்குநர் முன்னால் நீட்டினார்.

"பக்கம் நிறைஞ்சிடுச்சு ஐயா. கீழ உங்க கையெழுத்து வேணும்."