பதினேழாம் கலவை

அந்த ரப்பர் ஆலையின் கலவைக்கூடத்தில் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து சட்டையைப் பிழிந்தால் ஒரு லாரி ஓடுமளவுக்கு எண்ணெய் தேறும். ரப்பரை இளக்க ஊற்றும் கறுப்பெண்ணெயின் புகை அப்படி. இருபத்தெட்டு வருஷம் அங்கே ரப்பர் பிசையும் உருளை ஓட்டிய மச்சான் இருமினால், கூரைப் புறாக்கள் மூட்டைமுடிச்சோடு பக்கத்து ஊருக்குக் குடிபோய்விடும்.

அக்காள் புருஷன் படும் பாட்டைப் பார்த்துத்தான் ஆய்வகக்காரன் கறுப்பெண்ணெய்க்கு மாற்றாகத் தவிட்டெண்ணெயைப் பதப்படுத்தத் தொடங்கினான். ஆறு வருஷத்தில் பதினாறு கலவை தோற்றது. இன்னும் ஒன்றுதான், அதுவும் தேறாவிட்டால் பழைய எண்ணெயே என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பதினேழாவதை மச்சானே ஓட்டினார்.

"நீ போய் டீ குடி மாப்ளே. மாமியார் மாதிரி நின்னு முறைச்சா ரப்பருக்கே கூச்சமா இருக்கும்."

அவன் திரும்பி வந்தபோது ரப்பர்த் தகடு உருளையில் பட்டுப்போலப் படிந்திருந்தது. ஒரு வாரம் சூட்டடுப்பில் கிடந்தும் அசரவில்லை. இழுத்த இழுப்பில் இயந்திரம்தான் அறுந்துவிடும்போல இருந்தது. மேலாளர் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே ஆலைக்கு அன்றுதான் தெரிந்தது.

மிச்சம் ஒரு சோதனை. துண்டை வெள்ளைத்தாளில் அழுத்திச் சூடேற்றுவது. தவிட்டெண்ணெய் கறை விடாது; கறுப்பெண்ணெய்தான் விடும். தாளை உரித்தால் காபி கொட்டியதுபோல் கறை.

அதற்குள் மச்சான் மருத்துவமனைக் கட்டிலில், மூக்கில் குழாயோடு.

"கறுப்பெண்ணெய் ஊத்துனீங்களா மச்சான்?"

"தகடு பிடிக்கவே இல்லடா. கிழிஞ்சு கிழிஞ்சு விழுந்துச்சு. ஒரே ஒரு குவளைதான். உன் ஆறு வருஷம் குப்பைக்குப் போறத நான் பாத்துட்டு நிக்கவா?" மூச்சு வாங்கினார். "பாஸுதானே? என் இடத்துக்கு வந்தவனுக்கு இனி அந்தப் புகை இல்லல்ல?"

கட்டிலருகே அக்காள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"பாஸுதான் மச்சான்."

"அப்படிப் போடு!"

மறுநாள் அவன் அறிக்கையில் 'தேறவில்லை' என்று எழுதினான். கறுப்பெண்ணெய் சேராத அந்தக் கலவையை நம்பி டயர் போட்டால் ஓடுகிற வண்டியிலேயே பிய்ந்துவிடும்.

"நேத்து வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சீங்களே?" என்றார் மேலாளர்.

"கலந்ததுல தப்பு நடந்துபோச்சு சார். என் தப்பு."

சாயங்காலமே கறுப்பெண்ணெய்ப் பீப்பாய்கள் கூடத்துக்குள் உருண்டன. அவன் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்காளின் அழைப்பு.

"தம்பி, உன் மச்சான் நாலு நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டாரு. புகையில்லாத கூடத்த ஒரு தடவ கண்ணால பாக்கணுமாம். எப்போ கூட்டிட்டுப் போறே?"