லூமிஸுக்குப் பந்து எறிய வந்தவன்

பிப்ரவரி வந்தால் அரிசோனாவில் எனக்கு ஒரே வேலைதான். யாரும் எடுக்காமல் மிச்சமிருக்கும் பேஸ்பால் ஆட்டக்காரர்களைப் போய்ப் பார்ப்பது. நட்சத்திரங்களை டிசம்பரிலேயே கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்காவது கால் பிசகினால் இறங்குகிறவர்கள். எங்கள் அணிக்கு அப்படி ஒருவர் தேவை. ஒருவர்தான், அதுவும் மலிவாக என்று மேலிடம் சொல்லியிருந்தது.

என் பட்டியலில் முதல் பெயர் காரெட் லூமிஸ். முப்பத்தைந்து வயது, பத்து வருடத்தில் ஏழு அணிகள். பந்து எறிவதைத் தவிர மைதானத்தில் எல்லா இடத்திலும் நின்றிருக்கிறான். அவன் பையில் எப்போதும் நான்கு விதமான கையுறைகள் இருக்கும். அக்டோபரில் பழைய அணி அவனை விடுவித்த பிறகு ஒரு அழைப்பும் இல்லை. புதன்கிழமை பயிற்சி முகாம்கள் திறக்கின்றன. அதற்குள் யாரும் கூப்பிடாவிட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு டல்சாவில் மைத்துனனின் டயர் கடைக்கு வந்துவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவனுடைய ஏஜென்ட் இதைச் சொன்னபோது என்னை இளக வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். விசாரித்ததில் உண்மை.

திங்கட்கிழமை காலை மேசாவில் ஒரு பள்ளி மைதானத்தை வாடகைக்கு எடுத்து, தன் ஆட்டத்தைப் பார்க்க எங்களை அழைத்தான். மூன்று அணிகளிலிருந்து ஆள் வந்திருந்தோம்.

இந்த மாதிரி இடங்களில் வாடகைக்கு ஒரு கோச் மெதுவாகப் பந்து போடுவார். ஆட்டக்காரன் எல்லாவற்றையும் வேலிக்கு விரட்டுவான். நாங்கள் கொட்டாவி விட்டுவிட்டுக் கிளம்புவோம். அது லூமிஸுக்கும் தெரியும். அதனால் கோச்சைப் பந்து பிடிக்க உட்கார வைத்துவிட்டு, எறிவதற்கு ரென்னி டாலிவரை வரவழைத்திருந்தான். சிறிய லீக்கில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். முழங்கையில் அறுவை சிகிச்சை ஆன பிறகு இரண்டு வருடமாக ரென்னிக்கும் அணி இல்லை.

"மெத்துமெத்துனு போட்டு என்னைக் கெடுத்துடாதடா. நெஜமா எறி," என்றான் லூமிஸ்.

"நெஜமா எறிஞ்சா உனக்குப் பந்தே தெரியாது, பெருசு."

"உன் முழங்கை லட்சணம் எனக்குத் தெரியாதா? எறி."

முதல் பந்துக்கு என் வேகமானி தொண்ணூற்றாறு மைல் காட்டியது. கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பக்கத்து ஆளுடையதும் தொண்ணூற்றாறுதான். பந்து கோச்சின் கையில் சேர்ந்த பிறகுதான் லூமிஸின் மட்டை காற்றை வெட்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கடைசி நொடியில் கீழே விழுந்தது. லூமிஸ் முட்டி போட்டுவிட்டான்.

நாங்கள் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்ததை இருவருமே பார்த்தார்கள். ரென்னி பாதி தூரம் நடந்து வந்து, குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். லூமிஸின் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த வலையை ஒட்டியே நான் இருந்ததால் காதில் விழுந்தது.

லூமிஸ் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "அவங்க கையில மிஷின் இருக்கு. கொறச்சா எனக்கும் கெடைக்காது, உனக்கும் கெடைக்காது. போய் எறிடா."

மொத்தம் பதினெட்டுப் பந்துகள். இரண்டு மட்டையில் பட்டுத் தரையில் உருண்டன. மற்றவை மட்டையில் படவில்லை, அல்லது உரசிப் பின்னால் போயின.

அதற்குப் பிறகு யாரும் லூமிஸைப் பற்றிப் பேசவில்லை. ரென்னி இன்னும் கொஞ்சம் எறிய வேண்டும் என்று கேட்டோம். கோச் வீங்கிப்போன கையைக் காட்டி முடியாது என்றார். லூமிஸ் மட்டையைக் கீழே வைத்து, பையிலிருந்து பந்து பிடிக்கும் பெரிய கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஓரமாகப் போன பந்துகளைக்கூட மணிக்கட்டை லேசாகத் திருப்பி உள்ளே இழுத்து, நல்ல பந்தாகக் காட்டினான். அவன் பிடித்ததால் ரென்னி இன்னும் பெரிய ஆளாகத் தெரிந்தான்.

மேலிடத்துக்குப் போன் போட்டேன். லூமிஸ் எப்படி என்று கேட்டார்கள். "லூமிஸ் முடிஞ்சது. வேற ஒருத்தன் இருக்கான்," என்றேன். பதினைந்து அடி தூரத்தில் லூமிஸ் முகக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கார் நிறுத்துமிடத்திலேயே ரென்னியிடம் பேசி முடித்தேன். லூமிஸையும் பந்து பிடிப்பவனாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். முகாமில் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள், மூத்தவனுக்கு இருபத்தாறு வயது என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டான். வேறு என்ன சொல்வான்?

போகும் முன் லூமிஸ் என்னிடம் வந்தான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்கும் வர்றீங்களா, வென்டெல்? கோச்சையே போடச் சொல்றேன்."

"நாளைக்கு முகாமுக்குப் போகணும் காரெட்."

"ஆமாமா. எல்லாருக்கும் இருக்குமில்ல."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு பந்துகளைப் பொறுக்கப் போனான். கூடப் பொறுக்க ரென்னி ஓடினான். லூமிஸ் கையை நீட்டித் தடுத்தான்.

"நீ குனியாத. முதுகு புடிச்சுக்கும். உனக்கு வேலை இருக்கு."

ரென்னி அங்கேயே நின்றான். லூமிஸுக்கு அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டைத் தவிர பந்துகளெல்லாம் அவன் நின்று அடித்த இடத்துக்குப் பின்னால், வலையடியிலேயே கிடந்தன.