முழங்காலில் நின்ற மத்தியாஸ்

ஈப்போ சிலிபின் வட்டாரத்துப் பியாட்ரிஸ் அக்காவின் வலது முழங்காலுக்குள், இறந்து ஏழு வருஷமான அவருடைய கணவர் மத்தியாஸ் நின்றுகொண்டிருப்பது, 2022 நவம்பர் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குத் தெரியவந்தது. மூட்டு மாற்றி அப்போது ஒரு வருஷம். எக்ஸ்ரே படத்தில் உலோகம் வெள்ளை, எலும்பு சாம்பல் நிறம், இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு, அந்தக் கோட்டில் அரைக்கால் சட்டையோடு மத்தியாஸ். படம் எடுத்த தினேஸ்வரி இயந்திரத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை எடுத்தாள். அவர் நகரவில்லை. "முறிவு இல்லை. இடைவெளி ஒரு மில்லிமீட்டர். கணவர் இருக்கிறார்" என்று அறிக்கை எழுதி அனுப்பினார்கள்.

அன்று கல்லறைத் திருநாள். கல்லறைக்கென்று வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்திகளை அக்கா வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனார். ஆள் இங்கே இருக்கும்போது அங்கே போய் யாருக்கு ஏற்றுவது? அதிலிருந்து வருஷா வருஷம் அதே தேதிக்குத்தான் படமெடுக்க நாள் கேட்டு வாங்கினார். ரப்பர்த் தோட்டத்தில் அடுத்தடுத்த நிரையில் சேர்ந்து பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள், வருஷத்துக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டாமா. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நேராகத்தான் எடுக்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. ஈப்போ ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படத்தில், விளக்கு மின்னியதும் மத்தியாஸ் திரும்பிக்கொண்டு காதைக் காட்டியவர். நாற்பது வருஷம் சுவரில் அந்தக் காதைப் பார்த்துக் குடித்தனம் நடத்திய மனத்தாங்கல் அக்காவுக்கு.

"ரெண்டு பக்கமும் எடுக்கணும் ஆன்டி, ரூல் அப்படி லா" என்றாள் தினேஸ்வரி.

"மூஞ்சி தெரியாத படம் எனக்கு எதுக்கும்மா?"

தினேஸ்வரி விட்டுக்கொடுத்தாள். அது தப்புதான், அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

கோடு அகன்றது. அடுத்த வருஷம் இரண்டு மில்லிமீட்டர், அதற்கடுத்த வருஷம் மூன்று. இடம் கிடைக்கக் கிடைக்க மத்தியாஸ் தெளிவாகத் தெரிந்தார். மீசைகூடத் தெரிந்தது. மூட்டு தளர்ந்து ஆடுகிறது என்பது அக்காவுக்கும் தெரியும். கோயிலில் முட்டி போடுவதை விட்டார், பிறகு மாடிப்படியை விட்டார், பிறகு மார்க்கெட்டை. வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சொன்னால் மூட்டைக் கழற்றுவார்கள், கோட்டை அடைப்பார்கள், அப்புறம் மனுஷன் எங்கே போய் நிற்பார்?

2025இல் பூசைக்குப் போகும் வழியில் விழுந்தார். இனியும் விட்டால் எலும்பே போய்விடும், ஆயுசுக்கும் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் ஷாஃபி சொன்னார். அக்காவின் நிபந்தனையைக் காதில் வாங்காமல் பக்கவாட்டில் ஒரு படமும் எடுக்க வைத்தார்.

மத்தியாஸ் சும்மா நிற்கவில்லை. முதுகை வளைத்து, கால் இரண்டையும் எலும்பில் ஊன்றி, ஆடும் உலோகத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இரு முனையிலும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைச் சுமந்து மேடு ஏறும்போது அப்படித்தான் வளைவார். நேரே எடுத்த படங்களில் முகம் தெரிந்தது, முதுகின் வளைவு தெரியவில்லை.

அக்கா அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு திட்டினார்.

"செத்தும் காண்டா தூக்கிக்கிட்டு நிக்கிறாரு பாரு இந்த மனுஷன்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எறக்கி வைங்க டாக்டர். நாளைக்கே எறக்கி வைங்க."

நாளைக்கு முடியவில்லை, மூன்று வாரம் ஆயிற்று. பழைய மூட்டைக் கழற்றி, தண்டு நீளமான புதியதை வைத்து இறுக்கினார்கள். இனி அவருக்கு இடமில்லை என்று அக்கா ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்தார். அடுத்த படத்துக்கு, இரண்டு பக்கமும் எடு என்று அவரே சொன்னார். நேர்ப் படத்தில் யாரும் இல்லை. பக்கவாட்டுப் படத்தில், முட்டிக்குப் பின்னால் தசையின் நிழலில், மத்தியாஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தோளில் எதுவும் இல்லை. எங்கேயோ திரும்பிக்கொண்டு காதைக் காட்டினார். அந்தப் படத்தை அக்கா கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அறிக்கையில், "உலோகம் அசையவில்லை. கணவர் ஓய்வில்" என்றிருந்தது.

இப்போது பயிற்சிக்குப் போகும்போது அக்கா காலை மெதுவாகத்தான் மடக்குகிறார்.

"இன்னும் நல்லா மடக்குங்க ஆன்டி, புது மூட்டு லா" என்று பயிற்சி கொடுக்கும் பெண் விரட்டினால், "இரும்மா, அவரு எந்திரிச்சுக்கட்டும்" என்கிறார்.

அந்தப் பெண்ணும் பத்து எண்ணும்வரை காத்திருக்கிறாள்.