ஆர்லோ பாஸ்கமுக்காக ஐந்து நிமிஷம்

ஓய்வு பெற்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களில் யாரைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் குழுவில் நாற்பத்தெட்டுப் பேர். எல்லோரும் பத்திரிகைக்காரர்கள், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்காகவும் அவர் ஊர்ப் பத்திரிகைக்காரர் ஐந்து நிமிஷம் பேசலாம். ஆர்லோ பாஸ்கமுக்காக வெண்டல் க்ரீலி எழுந்தார்.

ஆர்லோவுக்கு இதுதான் கடைசி வருஷம். இதை விட்டால் பெயர் பழையவர்கள் பட்டியலுக்குப் போய்விடும். அங்கிருந்து மீண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைவிடக் கொடுமை, பதினான்கு வருஷம் தலையால் மோதி மோதி ஆர்லோவின் நினைவு கழன்றுகொண்டிருந்தது. "அடுத்த வருஷம் குடுத்தா அது என்னன்னே அவருக்குத் தெரியாது வெண்டல்" என்று மனைவி மாவிஸ் போனில் சொல்லியிருந்தார்.

பந்தை எறிகிறவனைச் சாய்க்கப் பாய்ந்து வரும் தடியர்களுக்குக் குறுக்கே உடம்பைக் கொடுப்பதுதான் ஆர்லோவின் வேலை. அவர் காப்பாற்றிய ஆள் மண்டபத்தில் வெண்கலச் சிலையாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. வெண்டல் அதைத்தான் சொன்னார்.

"கணக்கு எங்கய்யா?" என்றார் ஸ்டான் ரூகர், எதிர் ஊர்ப் பத்திரிகைக்காரர். "இத்தன கெஜம் ஓடினான், இத்தன எறிஞ்சான்னு ஒண்ணுமே இல்லையே."

"திருடன் வராத ராத்திரிய நீ என்னிக்காவது எண்ணியிருக்கியா ஸ்டான்?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். வெண்டலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போதுதான் ஸ்டான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை விரித்தார்.

"இறுதி ஆட்டத்துல தோத்த மறுநாள் ஒருத்தர் எழுதினதைப் படிக்கிறேன். 'ஆர்லோ பாஸ்கம் நின்ற இடத்தில் ஒரு குப்பைத்தொட்டியை நிறுத்தியிருந்தால் கோப்பை நம் ஊருக்கு வந்திருக்கும்.' எழுதினது யாரு? நம்ம வெண்டல்தான்."

அறையே சிரித்தது. வாக்கியம் நன்றாக வந்துவிட்டதே என்பதற்காக எழுதிய வாக்கியம் அது. அன்றைக்கு ஆர்லோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பேட்டி தர மறுத்த எரிச்சல் வேறு. பிறகு அந்த ஆட்டத்தின் படத்தைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தார் வெண்டல். எறிகிறவன்தான் தப்பான பக்கம் ஓடியிருந்தான். ஆர்லோ நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார். திருத்தி எழுத வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

"அது தப்பு. நான் எழுதினது தப்பு."

"அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நாங்க எத நம்பறது?"

மணி அடித்தது. முப்பத்தொன்பது ஓட்டு வேண்டும். முப்பத்தேழு விழுந்தது.

ஆட்டக்காரர்கள் அதே ஹோட்டலில் மேலே காத்திருந்தார்கள். தேர்வானால் மண்டபத்தின் தலைவர் கேமராக்களோடு வந்து கதவைத் தட்டுவார். இல்லையென்றால் நாலு மணிக்குள் போன் வரும். யாரோ ஒரு அலுவலகக் குரல் ஆர்லோவிடம் சொல்வதை வெண்டலால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நானே போய்ச் சொல்கிறேன் என்று ஏழாவது மாடிக்குப் போனார். எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே மனசு இருந்தது. அறை வந்ததும், எந்தக் கதவையும் தட்டுவதுபோல் தட்டினார்.

உள்ளே நாற்காலி உருண்டது. "மாவிஸ்! தட்டிட்டாங்கடி! தட்டிட்டாங்க!"

தான் செய்த காரியம் அப்போதுதான் வெண்டலுக்கு உறைத்தது. பாவி, போன் செய்திருக்கலாம்.

கதவைத் திறந்த ஆர்லோ கோட்டும் டையுமாக அழுதுகொண்டே அவரைக் கட்டிப்பிடித்தார். பின்னாலேயே வந்த மாவிஸ் தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். கேமரா இல்லை. தலைவர் இல்லை. அவர் முகம் செத்துப்போனது.

"நீங்களே சொல்லிடுங்க" என்றார் மாவிஸ். "ஒம்போது வருஷமா நான்தான் சொல்றேன். என்னால முடியல."

"கிடைக்கல ஆர்லோ" என்றார் வெண்டல். "ரெண்டு ஓட்டுல போச்சு. என்னாலதான் போச்சு."

ஆர்லோ பிடியைத் தளர்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "உனக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்கய்யா. எனக்கு மத்ததெல்லாம் மறந்துபோவும். ஆனா இப்பத்தான் தட்டினாங்க. என் காதால கேட்டேன். மாவிஸ், நீயும் கேட்டேல்ல?"

மாவிஸ் வெண்டலைப் பார்த்தார். "கேட்டேன்" என்றார்.

ஆர்லோ டையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நிமிர்ந்து நின்றார். "நீ கொஞ்சம் ஓரமா நில்லு வெண்டல். படம் எடுக்க வர்றவங்களுக்கு மறைக்குது."