டீச்சரிடம் சொல்லாமல் விட்டது

பெத்துராஜுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். மகள் ஜெபக்கனி ஏழாம் வகுப்பில் சாரணியர் முகாமுக்குத் தேர்வானதும், அந்த அறிவு முழுவதையும் முகாமின் பக்கம் திருப்பிவிட்டார். குற்றாலத்தில் ஒரு வாரம் தங்க வேண்டும். சங்கரன்கோவில் ரத வீதியில் இருந்த அவருடைய பாத்திரக்கடைக்குக் குடம் வாங்க வந்தவர்கள்கூட அந்தச் செய்தியைக் கேட்காமல் தப்ப முடியவில்லை.

"நம்ம பிள்ளையத்தான் லீடரா போடப் போறாவளாம்" என்றார். அப்படி யாரும் சொல்லவில்லை.

புது டிரங்குப் பெட்டி வந்தது. வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதியாயிற்று. திருநெல்வேலி போய்க் கறுப்பு ஷூவும் பெரிய டார்ச் லைட்டும் வாங்கி வந்தார். மனைவி ஞானபூரணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்வலத்துக்கு யானையை அலங்கரிப்பதுபோல இந்த மனுஷன் பெட்டியை அலங்கரிக்கிறார், பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பன்னிரண்டு வயதாகியும் ஜெபக்கனி தூக்கத்தில் பாயை நனைத்துவிடுவாள். நடுவில் ஒருமுறை எழுப்பிவிட்டால் போதும், விடியும்வரை கவலையில்லை. இத்தனை வருஷமாக எழுப்பி விடுவது ஞானபூரணம்தான். பெத்துராஜ் குறட்டை விடுவார்.

"டீச்சர்ட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிருதேன்" என்றாள் அவள்.

"எதை? என் மவ பாயில மோளுதான்னா? நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பாக்கண்டாமா? ஊரு சிரிக்கும்ட்டி."

"ஊரு சிரிக்கதுக்கு நீங்க கடையில உக்காந்து பேசுத பேச்சே போதும்."

"நீ வாயத் தொறந்தேன்னா பிள்ள போகவே மாட்டா. பாத்துக்க."

ஜெபக்கனி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகவேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது தெரிந்ததால் ஞானபூரணம் வாயை மூடிக்கொண்டாள். பெத்துராஜ் மகளைக் கூப்பிட்டுத் தன் வைத்தியத்தைச் சொன்னார். "மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்காத. மனசுல வைராக்கியம் இருந்தா ஒண்ணும் வராது." மூத்திரம் முட்டினால் கல்லாவில் காசை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற ஆள் அவர்.

அவள் முகாமுக்குப் போன நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. காலையில் கொடி வணக்கத்தின்போது ஜெபக்கனி மயங்கி விழுந்துவிட்டாளாம்.

தென்காசி பஸ்ஸில் வழிநெடுக பெத்துராஜ் முகாமின் சமையல்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். சோறு சரியில்லை, அதுதான் காரணம் என்று கடையநல்லூருக்குள் முடிவே கட்டிவிட்டார். முகாமில் இறங்கியதும் அதே வேகத்தில், பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த சீனியம்மாள் டீச்சரிடம் போய், "பட்டினி போடவா பிள்ளைய அனுப்புனோம்?" என்று கேட்டார்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, உங்க பிள்ள வந்ததுலேருந்து தூங்கல. எல்லாரும் படுத்தபொறவு சுவத்துல சாஞ்சு உக்காந்தே இருக்கா. மத்தியானத்துக்கு மேல ஒரு வாய் தண்ணி குடிக்கல. கேட்டா பதிலே இல்ல."

"வீட்டு நெனப்பா இருக்கும்" என்றார் பெத்துராஜ் சட்டென்று.

ஞானபூரணம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடி டீச்சரிடம் சொன்னாள். பெத்துராஜ் இருமினார். அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் டீச்சர். "இங்கன இன்னும் ரெண்டு பிள்ளைகளுக்கு இதே கதைதான். அவங்க அம்மாமாரு மொத நாளே காதுல போட்டுட்டுப் போயிட்டாவ. தெனமும் நாந்தான் எழுப்பிவிடுதேன். மூணாவதா இவள எழுப்ப எனக்கு என்ன சிரமம்?"

பெத்துராஜ் நிமிர்ந்தார். "அப்படியா? அது யாரு வீட்டுப் பிள்ளைக?"

"அதை உங்கட்ட சொல்லுததுக்கா அவங்க என்கிட்ட சொன்னாவ?"



ஜெபக்கனி உள்ளே கட்டிலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. ஞானபூரணம் தலைமாட்டில் உட்கார்ந்து, "டீச்சர்ட்ட சொல்லிட்டேன் மக்கா. அவங்க எழுப்பிவிடுவாவ" என்றாள். பிள்ளை தாயின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது.

"பெட்டிய எடு, வீட்டுக்குப் போவோம்" என்றார் பெத்துராஜ் வாசலில் நின்று.

"நான் வரல" என்றாள் ஜெபக்கனி. "நாளைக்குக் கூடாரம் போடச் சொல்லித் தாராவ." எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, அப்பாவைப் பார்த்தபடியே தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அப்பொழுது மணி நாலு இருக்கும். பெத்துராஜ் ஏதோ சொல்ல வந்து, மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "யாரும் கேட்டா வெயில்ல மயக்கம்னு சொல்லிருவோம், என்னட்டி?"

ஞானபூரணம் எழுந்து முன்பக்கம் பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். புளியங்குடி வருவதற்குள் தூங்கிப் போனாள்.