மெதுவா நடத்துங்க

"தையல் பிரிஞ்சிருச்சுன்னா நீயா வந்து தைப்ப?"

"தலைக்கு மேல கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னேம்மா. கோபுரத்தையா தூக்கச் சொன்னேன்?"

"கோபுரத்தைக்கூடத் தூக்கட்டும். இந்தக் கையைத் தூக்கக் கூடாது!"

அறுபத்திரண்டு ஜூன் மாதம், பாம்பன் பள்ளிக்கூட வாசல். கத்தியவள் ராக்கு. பதில் கத்தியவர் தலைமையாசிரியர் சேதுராமன் சார். ராக்குவின் இடுப்பில் ஐந்து வயசுக் கருத்தம்மாள், கால் தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கிக்கொண்டு, சாரின் பாக்கெட்டுப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளையைப் பெற்ற பூமயில் வாயே திறக்காமல் நின்றாள். நான் நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பியவள். சண்டை நடக்கிற இடத்தைத் தாண்டிப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. மீன் சட்டியோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

அந்தக் காலத்தில் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? வலது கை தலையைச் சுற்றி வந்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயசு, ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருஷம். கருத்தம்மாளின் கை காதை என்ன, தோளைத் தாண்டியே போனதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். பேரே கருத்தம்மாள் என்பதால் பிள்ளை நீலமாக இருப்பதை முதல் மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. உதடும் நகமும் நாவல்பழம் தின்றது மாதிரி. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும். தகப்பன் கூத்தையா ரயில்வேக்காரர். கப்பல் வந்தால் பாம்பன் பாலத்தைக் கை நெம்புகோலால் திறந்து மூடுகிற ஆட்களில் ஒருவர். ரயில் பாஸ் இருந்ததால் மெட்ராஸ் கொண்டு போனார். பத்து மாசப் பிள்ளைக்கு அங்கே நெஞ்சைத் திறந்து ஆப்பரேசன் செய்தார்கள். வலது கைக்குப் போகிற ரத்தக் குழாயை எடுத்து நுரையீரலுக்குத் திருப்பிவிட்டார்களாம். கண்மாய்த் தண்ணியை வேற மடைக்குத் திருப்புவது மாதிரி என்று கூத்தையா எங்களுக்கு விளக்கினார். நீலம் முக்கால்வாசி போய்விட்டது. அக்குளிலிருந்து முதுகு வரைக்கும் தழும்பு மட்டும் நின்றது. ஊரே வந்து பார்த்தது. நான் மூன்று தடவை பார்த்தேன்.

திரும்பி வரும்போது நர்சம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாராம். "இனிமே பிள்ளைய மெதுவா நடத்துங்க."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ராக்கு நாலு வருஷம் ஆட்சி செய்தாள். ராக்கு கூத்தையாவின் அக்கா. புருஷன் செத்தபிறகு முதுகுளத்தூரிலிருந்து தம்பி வீட்டோடு வந்தவள். மெதுவாக நடத்துவது என்றால் அவளுக்கு இறக்கிவிடாமல் வைத்திருப்பது. பிள்ளை அழக்கூடாது. அதனால் கையைக் காட்டுமுன் பொருள் வந்துவிடும். கேட்டு வாங்கவேண்டிய அவசியமே இல்லாத பிள்ளைக்குப் பேச்சு எதற்கு? ஐந்து வயசில் அவளிடம் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் இருந்தது. அதில் பாதி "அந்தா".

"மூளை வளரல," என்றது தெரு. நெஞ்சைத் திறந்தபோது மூளைக்குப் போகிற ரத்தத்தை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. அறிவு இருப்பதே இருதயத்தில்தான், அதில் கத்தி பட்டால் தங்குமா என்று இன்னொரு கட்சி. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள். அது நான்தான்.

"மண்டை வளராத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு? நான் முதுகுளத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி என் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறேன்," என்று ராக்கு இப்போது வாசலில் வைத்தே தீர்ப்புச் சொன்னாள்.

சார் ரிஜிஸ்டரை மூடப்போனார். அப்போதுதான் பூமயில் வாயைத் திறந்தாள்.

"சார், இந்த வருசம் சேக்கலைன்னா எம்பிள்ளை எனக்கில்ல. மதினி கொண்டுபோயிருவாக. அங்கன போனா எறங்கவே மாட்டா."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சட்டியிலிருந்து காக்கை ஒரு நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

சார் கொஞ்சம் இறங்கினார். "கையைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருந்தா அந்தக் காகிதத்தைக் கொண்டாங்க. காது தொடாமலே சேத்துக்கிறேன்."

காகிதம் இருந்தது. எங்கே இருந்தது? கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்கும் ராமலிங்க சாமி படத்துக்கும் நடுவில் ஆணியில் தொங்கியது! மெட்ராஸ் ஆஸ்பத்திரி கொடுத்த இங்கிலீஷ் காகிதம். உயிரைக் கொடுத்த காகிதம். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனப் பொட்டு, சூடம். படித்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் கூத்தையா சட்டத்தோடு பள்ளிக்கூடம் போனார். பின்னாலேயே ராக்கு, பிள்ளை, பூமயில். எனக்கும் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது.

சார் சந்தனத்தைக் கட்டை விரலால் சுரண்டினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

"கூத்தையா, இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? பிள்ளையை நடக்க வைக்கணும். வலது கையைத் தினம் தூக்கிப் பழக்கணும், இல்லைன்னா தோள் இறுகிரும். ரொம்ப நாள் ரத்தம் கெட்டுக் கிடந்ததால பேச்சும் படிப்பும் தாமதமா வரலாம், அதனால நிறையப் பேசணும், திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கணும். வருசத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டணும். எத்தனை தடவை காட்டுனீங்க?"

கூத்தையா காலைப் பார்த்தார். "அந்த நர்சம்மா மெதுவா நடத்துங்கன்னுதான சார் சொல்லுச்சு..."

"நடத்துங்கன்னா நடக்க வையிங்கய்யா! காலால! தரையில!"

"அதெப்படி?" ராக்கு விடவில்லை. "நடத்துறதுன்னா பக்குவமா வச்சுக்கிறது. மருமகள நல்லா நடத்துன்னா ரோட்டுலயா நடத்துவாக?"

"அதையும் நீங்க நடத்தலையே மதினி," என்றாள் பூமயில்.

நான் சிரித்துவிட்டேன். தப்புத்தான். சார் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார். நெத்திலிக்காரியைத் தேடுவதாகச் சொன்னேன்.

அப்புறம் சார் பிடிவாதம் பிடித்தார். கை தூக்கக் கூடாது என்று டாக்டரே எழுதாதபோது தான் எப்படி விலக்குக் கொடுப்பது? ரிஜிஸ்டர் மூடப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பிள்ளை தன் காலில் நடந்து வரட்டும், காதைத் தொடட்டும் என்றார். நியாயமா இது? நாலு வருஷம் கெடுத்ததைப் பன்னிரண்டு நாளில் சரி பண்ணு என்றால்? அவரிடமே கேட்டேன். நெத்திலிக்காரி அந்தப் பக்கம் போய்விட்டாள் என்றார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் தெரு தூங்கி எழுந்ததே அந்த வீட்டுச் சத்தத்தில். பிள்ளையைக் கீழே இறக்கினால் பிள்ளை அழுதது. பிள்ளை அழுதால் ராக்கு அழுதாள். பத்தடி நடந்து குத்தவைத்து மூச்சு வாங்கும். "செத்துரும்டீ, செத்துரும்!" என்று ராக்கு மாரில் அடிப்பாள். பூமயில் பேசாமல் பக்கத்தில் குந்தியிருந்து, மூச்சு அடங்கியதும், "ஏந்திரி" என்பாள். கூத்தையா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிவார். "கப்பலுக்கு அத்தாம்பெரிய பாலத்தைத் தூக்குற மனுசன், மக கையைத் தூக்க இம்புட்டு யோசனையா?" என்று நான் சுவருக்கு மேலாகக் கேட்டுவைத்தேன்.

கை வேலைக்குப் பூமயில் ஒரு தந்திரம் செய்தாள். இடது காதுக்குப் பின்னால் கடலைமிட்டாய்த் துண்டை வைத்து, வலது கையால் தலைக்கு மேலே போய் எடுக்கச் சொன்னாள். கருத்தம்மாள் இடது கையால் எடுத்துத் தின்றாள். எத்தனை தடவை வைத்தாலும் அதேதான். பூமயில் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை தலையை உதறியது, துண்டு மடியில் விழுந்தது, எடுத்துத் தின்றது.

"மூளையில்லாத பிள்ளையா இது?" என்றேன்.

"அதத்தானக்கா நானும் கேக்குறேன்," என்றாள் பூமயில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பன்னிரண்டாம் நாள் கருத்தம்மாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நாலு இடத்தில் உட்கார்ந்தாள். ராக்கு பின்னாலேயே இடுப்பைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். உதடு கொஞ்சம் கறுத்திருந்தது, ஆனால் வந்து சேர்ந்தாள். சார் "காதைத் தொடு" என்றார். வலது கை மெல்ல மேலே போனது. உச்சந்தலையில் உட்கார்ந்தது. அங்கேயிருந்து இறங்கவில்லை, காதுக்கும் விரலுக்கும் நாலு விரற்கடை இருந்தது.

"பாத்தீங்களா?" என்று ராக்கு ஆரம்பித்தாள்.

கருத்தம்மாள் யோசித்தாள். அவள் யோசித்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். பிறகு தலையை வலது பக்கம் நன்றாகச் சாய்த்து, இடது கையால் இடது காதைப் பிடித்து மேலே இழுத்து, வலது விரல்நுனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகம் கோணிக்கொண்டது. விரல் பட்டது.

"அந்தா," என்றாள்.

சார் ரிஜிஸ்டரைத் திறந்தார். "பேர்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

இதோடு பிள்ளை கணக்கில் புலியாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. அந்த நாலு எங்கே போனது என்று ஒன்றாம் வகுப்பு முருகேஸ்வரி டீச்சர் ஒரு வருஷம் தேடினார். பத்துத் தடவை சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டி, வெந்நீர் கேட்டு என் வீட்டுக்குத்தான் வருவார். அவர் வாயிலிருந்து விஷயம் கறக்க எனக்கும் அது வசதி. கருத்தம்மாள் ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தாள். எழுத்து வந்தது, பேச்சு வந்தது, கோபமும் வந்தது. சொன்னதை மறந்துபோவது மட்டும் போகவே இல்லை. வெட்டினதால் மந்தமா, வெட்டுவதற்கு முன்னால் பத்து மாசம் நீலமாகக் கிடந்ததால் மந்தமா, நாலு வருஷம் இடுப்பிலேயே வைத்திருந்ததால் மந்தமா என்று இன்றைக்கும் தெருவில் மூன்று கட்சி உண்டு. நான் ஒவ்வொரு கட்சியிலும் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டேன்.

ராக்கு அந்த ஆடியிலேயே கோபித்துக்கொண்டு முதுகுளத்தூர் போய்விட்டாள். கொழுந்தன் வீட்டில் புதுசாகப் பிறந்த பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறாளாம். அந்தப் பிள்ளை எப்போது நடக்குமோ. முருகேஸ்வரி டீச்சரை மானாமதுரையில் ஒரு தபாலாபீஸ் குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அறுபத்திநாலு புயல் அடித்துத் தனுஷ்கோடி போன பிறகு கூத்தையா மாற்றல் எழுதிக் கேட்டார். பாலத்தைப் பார்க்கப் பயம் என்று அவர் சொன்னார்; வருஷா வருஷம் மெட்ராஸ் போய்க் காட்ட வசதி என்று பூமயில் சொன்னாள். விழுப்புரம் கிடைத்தது. அந்த வீட்டுக்கு இப்போது ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். சண்டையும் போடுவதில்லை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதும் இல்லை. இப்படியும் இருப்பார்களா மனுசர்கள்?