றஜிதாவுக்கு எத்தனை உடுப்புப் போடுவது

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட இது மேல்.

ரொறொன்ரோவின் தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை, ஜனவரி மலிவு விற்பனை. உடுப்பு மாற்றும் அறைகளில் இரண்டாவதில் நான். மூன்றாவதில் ஒரு பெண், தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஸ்காபரோவில் ஸ்பீக்கரில் தமிழ் பேசுவது கோயில் ஒலிபெருக்கியில் பேசுவதற்குச் சமம். பேசுகிறவர்களுக்கு மட்டும் இது தெரிவதேயில்லை.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தடுப்புப் பலகைக்குக் கீழே கால்கள் தெரிந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சோடிக் காலுறை. கடைசியாகப் போட்டிருந்தது சிவப்புக் கோடு வைத்த, சாம்பல் நிற ஆண்கள் காலுறை.

அந்தக் கால்களுக்கு றஜிதா என்று பெயர் வைத்தேன். வயது நாற்பத்தாறு கொடுத்தேன். என்னுடையதைக் கொடுத்தால் சோம்பேறித்தனம் என்பீர்கள் என்று இரண்டு குறைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "வெண்பட்டு விரித்ததுபோல ரொறொன்ரோவில் பனி..." வேண்டாம். காலையில் கார்ப்பாதையில் பனி அள்ளிய எவளும் அதைப் பட்டு என்று எழுதமாட்டாள்.

இரண்டாவது தொடக்கம்: "றஜிதா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கடந்துபோன வருடங்கள் எல்லாம்..." இதுவும் வேண்டாம். கண்ணாடியைக் கண்டவுடன் வாழ்க்கையை நினைக்கும் பெண்களை நான் ஆறு கதைகளில் எழுதிவிட்டேன். உடுப்பு மாற்றும் அறையில் ஒரு பெண் நினைப்பது வயிற்றைப் பற்றி.

மூன்றாவது: சனிக்கிழமை பத்து மணிக்கு றஜிதா ஸ்னோபோட் பழகப் போகவேண்டும்.

இது நிற்கிறது. (அவள் நிற்பாளா என்பது வேறு விடயம். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குவதுதான் ஸ்னோபோட். முதல் நாள் இறங்குவதைவிடப் பின்பக்கத்தால் விழுந்து இருப்பதே அதிகம்.)

அவளைக் கூப்பிட்டது மகள் லக்சிகா. வயது பதினைந்து. தாயும் தகப்பனும் பிரிந்தபின், செப்ரெம்பரிலிருந்து விட்பியில் தகப்பனோடு இருக்கிறாள். நான்கு மாதமாக 'ஓம்', 'இல்லை', 'பிறகு' என்று மட்டும் பதில் போட்டவள், இந்த முறை ஒரு முழு வசனம் அனுப்பியிருந்தாள். அதை றஜிதா அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்:

"அம்மா, சீரியஸா, ஜக்கெற் பிடிச்சுக்கொண்டு பெஞ்சில இருக்கிறதெண்டா டோன்ட் கம்."

நீச்சல், சறுக்கல், நடனம், எல்லா வகுப்பிலும் றஜிதா இருந்தது பெஞ்சில். மற்றப் பிள்ளைகளின் ஜக்கெற்றுகளும் அவள் மடியில்தான்.

3

"அக்கா, இது தோலோட ஒட்டிக்கொண்டு நிக்குது. மூச்சு விட்டா வயிறு தெரியுது."

"ஆர் பாக்கப்போறாங்கள்? மேல நாலு போடப்போறாய்தானே," என்றாள் அக்கா சிவானி, பிறம்ரனிலிருந்து.

"நாலு போடக்கூடாதாம், மூண்டுதானாம். உள்ளுக்கு ஒட்டினது ஒண்டு, நடுவில சூட்டுக்கு ஃபிளீஸ், வெளியில தண்ணி போகாத ஜக்கெற். லக்சிகா ஒரு லிங்க் அனுப்பினவள், கொட்டன் துண்டறக் கூடாதெண்டு அதில கிடக்கு."

"கொட்டன் கூடாதோ? பிறந்த நாளில இருந்து கொட்டன் சுத்தித்தானே அவளை வளத்தனீ? கேள் அவளிட்டை."

"கேட்டா பதில் வராது."

"இஞ்சை பார். முப்பது வருசமா விடிய அஞ்சு மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கிறன். உள்ளுக்குக் கொட்டன் பனியன், பிஜாமா, அதுக்கு மேல ஜீன்ஸ். நான் என்ன செத்தே போனன்?"

"நீ நிக்கிறாய் அக்கா. நான் விழப்போறன்."

"விழுந்தா எழும்பி உள்ளுக்குப் போய் இரு. கோப்பி ஒண்டு வாங்கிக் குடி."

 உடுப்புக் கொழுவி ஒன்று கம்பியில் மாட்டுப்படும் சத்தம் கேட்டது. ஒட்டிக்கொண்டு நின்ற சட்டை திரும்பவும் கம்பிக்குப் போய்விட்டது. அப்போது ஒரு பொதி கீழே விழுந்து, தடுப்புக்கு அடியால் சறுக்கி என் அறைக்குள் வந்தது. குளிருக்கு உள்ளே போடும் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும், இரண்டு சோடி. நூறு வீதம் பருத்தி.

நான் அதை வாசித்தேன். காலால் திருப்பித் தள்ளினேன்.

"தாங்க்ஸ்," என்றது அந்தப் பக்கம்.

"யூ ஆர் வெல்கம்," என்றேன், தமிழே தெரியாதவள்போல.

4

மேலே உள்ள கடைசி மூன்று வரிகளை நான்கு தரம் வெட்டி, நான்கு தரம் திரும்ப எழுதினேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். போன வருடம் நானும் பழகப் போனேன், உள்ளே பருத்தி பனியனோடு. பதினொரு தரம் விழுந்து எழும்பியதில் நன்றாக வேர்த்தது. பருத்தி அந்த வேர்வையைக் குடித்து விடாமல் வைத்திருந்தது. மேலே ஏற்றும் லிஃப்ட் வரிசையில் நின்ற ஐந்து நிமிடத்தில் முதுகில் யாரோ ஈரத் துவாய் விரித்ததுபோல. மிச்ச மூன்று மணிநேரமும் பெஞ்சில் இருந்தேன், தோழியரின் ஜக்கெற்றுகளோடு. அன்று அந்தக் கடையில் நான் போட்டுப் பார்த்ததும் மெல்லிய கம்பளியில் செய்த, தோலோடு ஒட்டும் பேஸ் லேயர்தான். ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள், கதை போய்விடும் என்று பார்த்தேன்.

ஆகவே எனக்குப் பதிலாகச் சொல்ல ஒரு ஆளை உண்டாக்குகிறேன். கடையின் சிவப்பு மேலங்கி, ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி நெற்றியில். பெயர்ப்பட்டியில் கிளிபோட், தமிழ் ஆள்தான்.

"தங்கச்சி, மலைக்கோ, பஸ்ஸுக்கோ?"

"மலைக்கு அண்ணை."

"அப்ப உந்தப் பொதியை வையுங்கோ. உது பஸ்ஸுக்கு."

"ஒட்டினது மெல்லிசாக் கிடக்கு. குளிராதே?"

"வெளிக்கிடேக்க கொஞ்சம் குளிரவேணும். குளிரேல்லையெண்டா கூடப் போட்டிட்டியள். பத்து நிமிசத்தில வேர்க்கும், பிறகு அந்த வேர்வையே உங்களை விறைக்கப்பண்ணும். சொக்ஸும் ஒண்டு காணும். மூண்டு போட்டா சப்பாத்து இறுகி ரத்தம் ஓடாது."

றஜிதா பொதியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். புறப்படும்போது கொஞ்சம் குளிரவேண்டும் என்று அவளிடம் எவரும் சொன்னதில்லை. பதினைந்து வருடமாக ஒரு பிள்ளையை வாசலில் மறித்து 'இன்னொண்டு போடு' என்று சொல்லி அனுப்பியவள். லக்சிகா விட்பிக்குப் போன அன்றும் ஆயிரம் சொல்ல நினைத்து, கடைசியில் வாயில் வந்தது "ஜக்கெற்றைப் போடு" என்பதுதான். அன்று வெயில். இருபத்தாறு பாகை.

"மனிசருக்கும் அப்பிடித்தான் தங்கச்சி, கூடப் போர்த்தினா..." என்று கிளிபோட் தொடங்குகிறார். இந்த ஆள் ஞானியாகப் பார்க்கிறார். அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டேன். எப்படியும் அவர் அந்தக் கடையில் இல்லை. அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

5

முடிவுகள்.

அ) கிளிபோட் இருந்தார். றஜிதா ஒட்டினதை வாங்கினாள், விழுந்தாள், எழும்பினாள், மகள் கை கொடுத்தாள். தேயிலை விளம்பரம்.

ஆ) பருத்தி. அரை மணிநேரத்தில் நனைந்து விறைத்து உள்ளே போகிறாள். லக்சிகா வந்து, ஒன்றும் சொல்லாமல், தன் ஜக்கெற்றை அவள் மடியில் வைத்துவிட்டுப் போகிறாள். இதைப் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்த பெஞ்ச்.

இ) பருத்திதான், ஆனால் உள்ளே போகமாட்டேன் என்று நிற்கிறாள். உதடு நீலம். மகள் தன் ஃபிளீஸைக் கழற்றி, "அம்மா, இன்னொண்டு போடுங்கோ..." எனக்கே கண் கலங்கியது. அதனால் நம்பவில்லை.

6

இன்று சனிக்கிழமை, காலை ஏழு மணி. எந்த மலை என்பதையும் அவள் ஸ்பீக்கரில் சொல்லியிருந்தாள். இங்கே எழுதமாட்டேன், நீங்களும் வந்து நிற்பீர்கள்.

நேற்று அந்தக் கடைக்குப் போய் இன்னொரு பேஸ் லேயர் வாங்கினேன். மீடியம். அவள் கழற்றித் தடுப்பின்மேல் கம்பியில் தொங்கவிட்டிருந்ததில் அளவு பார்த்திருந்தேன். முகம் தெரியாது, கால்கள் சப்பாத்துக்குள் இருக்கும். குரல் தெரியும். தமிழ் விளங்குமென்றால் ஏன் அன்று பேசவில்லை என்று அவள் கேட்டால், என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. முதல் வசனம் தமிழில் என்பது மட்டும் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொல்வதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுக்கேட்டதில் உங்களுக்கும் பங்கு.

காரை இன்னும் சூடாக்கவில்லை. வெளியே அதன் கதவடியில் நிற்கிறேன், பொதி கையில். கொஞ்சம் குளிர்கிறது. சரியாகத்தான் உடுத்தியிருக்கிறேன்.